இந்தப் படிப்பால் நடைமுறையில் என்ன பயன் என்று கேட்டவருக்கு

கேள்வி இது: "அரசறிவியல் முதுகலை முடிக்கப்போகிறேன். காலனியாட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் அரசதிகாரம், ஜனநாயகமயமாதல் பற்றி மேற்கொண்டு ஆய்வு செய்ய ஆசை. ஊர் சேலம் பக்கம். இதைப் படிப்பதால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?"

நடைமுறையில் பயன் உண்டா என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். 2006இல் நான் இதே படிப்பில் சேர்ந்தபோது எங்கள் தாய்மாமா அதே வார்த்தையைத்தான் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். நீங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, அப்பா விவசாயம் அல்லது தறி, என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஓமலூர்ப் பக்கம் 1 ஏக்கர் 12 சென்ட் காடு. நாலு தலைமுறையாக நாங்கள்தான் உழுகிறோம், பெரும்பாலும் குச்சிக்கிழங்கு. 1998இல் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போனார். சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைக் காகிதம், கொண்டுவரச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் அந்த நிலம் எங்கள் பெயரில் இல்லை. "தீர்வை ஏற்பட்ட தரிசு" என்று இருக்கிறது. அதாவது அரசாங்க நிலம். 1979இல் தொடங்கி 80களின் பிற்பாதி வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவைப் புதுப்பிக்கும் வேலையில் யாரோ ஒருவர் ஒரு வரி மாற்றி எழுதிவிட்டார். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர்ஸ் ஆனபோது எங்கள் பெயர் விழுந்துவிட்டது. விற்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை, கிழங்கு எப்போதும்போல விளைகிறது. காகிதத்தில் மட்டும் நாங்கள் இல்லை. கடன் இல்லை, போர்வெல்லுக்குக் கரண்ட் இல்லை.

அப்பா வருஷா வருஷம் ஜமாபந்தியில், அதாவது தாலுகாவில் நடக்கும் வருடாந்திர நிலக் கணக்குத் தணிக்கையில், மனு கொடுத்தார். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றுக்கும் வந்தது ஒரே பதில்: தங்கள் மனு தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, அதில் வேலை செய்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், எல்லாரும் கெட்டவர்களும் இல்லை.

ஒருமுறை நான் கூடப் போனேன். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. வாசல்படிக்கு ஐந்தடி முன்னாலேயே அப்பா செருப்பைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உள்ளே இருந்த எழுத்தருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவரை "சாமி" என்றார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் தேர்தல் நடந்திருந்தது. ஓட்டுப்போடப் போகும்போது அதே துண்டு தோளில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். வேட்பாளர் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதுகலையில் ஹம்சா அலவி என்ற பாகிஸ்தான் அறிஞர் 1972இல் எழுதிய வாதத்தைப் பாடமாக நடத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்த எல்லா வர்க்கங்களையும் அடக்கி வைப்பதற்காக ஒரு நிர்வாக எந்திரத்தை, ராணுவத்தையும் சேர்த்து, கட்டினார்கள். அது நம் சமூகத்தின் அளவுக்கு மீறிய பெரிய உருவம். விடுதலை வந்தபோது அந்த உருவம் அப்படியே கைமாறியது. அதிகப்படியாக வளர்ந்த அரசு என்று அவர் அதைச் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள் குறிப்பு எடுத்தார்கள். எனக்கு அந்த வாசல்படி ஞாபகம் வந்தது.

அன்று இரவு அப்பாவிடம் இதைத் தமிழில் விளக்க முயன்றேன். அரசு, அரசாங்கம் என்று குழப்பினேன். அப்பா ஒரே வரியில் சொன்னார்: "ஆட்சி மாறும்டா, சர்க்காரு மாறாது." பாடப்புத்தகம் நாலு பக்கம் எடுத்துக்கொண்ட வேறுபாடு அது. நம் ஊரில் படிக்காதவர்கள்கூட ஆட்சி என்பதையும் சர்க்கார் என்பதையும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள், கவனித்துப் பாருங்கள். நம் கலைச்சொல் அகராதிகள்தான் இரண்டையும் "அரசு" என்று போட்டுக் கொல்கின்றன.

சேலத்துக்காரராக உங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்த சர்க்கார் எங்கே முளைத்தது என்று தேடி வேறெங்கும் போக வேண்டாம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் ஒவ்வொரு உழவனோடும் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையை அவர்கள் பழகிப் பார்த்த மண் இது. நிலத்தை அளந்து, உழுகிறவன் பெயரை எழுதி, பட்டா கொடுத்து, கந்தாயம் என்ற நிலவரியை வாங்குவது. பிறகு 1816இல் மன்றோவின் யோசனைப்படி கலெக்டர் கையிலேயே மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீஸ் மேற்பார்வையும் வந்தன. வரி கேட்கிறவரே தண்டிக்கிறவரும் ஆனார். ஒரு கிராமத்து உழவனின் வயலுக்குள் வரை கண் வைத்த அரசு அது. மக்களாட்சிக்கு நூற்றைம்பது வருஷம் முன்பே அது வேலையைத் தொடங்கிவிட்டது.

இதற்கு நேரெதிரே வைத்துப் பார்க்க உகாண்டாவைச் சேர்ந்த மஹ்மூத் மம்தானி 1996இல் முன்வைத்த வாதம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் நகரத்தில் இருந்தவர்களுக்குச் சட்டமும் உரிமையும், கிராமத்தில் இருந்தவர்களுக்கு இனத்தலைவரும் அவர் சொல்லும் வழக்கமும். விடுதலைக்குப் பிறகு மேலே நிறம் மாறியது, கிராமத்தில் அந்தத் தலைவரின் பிடி பல நாடுகளில் விடவில்லை. இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கர்ணத்தை, அதாவது கிராமக் கணக்குப்பிள்ளையை, நினைத்துக்கொண்டேன். பரம்பரையாக ஒரே குடும்பம், அவர் கையெழுத்துதான் நிலம். அவரைப் பகைத்தவன் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) பயிர் இல்லாமல் போவான். 1980 நவம்பரில் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழிந்தன. அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982இல் தோற்றார்கள். தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார், எந்தச் சாதியிலிருந்தும் வந்தார். தமிழ்நாட்டின் ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்கள் தேர்தல்களைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு முழு ஆய்வேடு தகும். இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

அதிலேயே எங்கள் சிக்கலும் இருக்கிறது. யூ.டி.ஆர். பதிவு நடந்ததும் அதே வருஷங்களில்தான். வயல் வயலாகத் தெரிந்த பழைய கர்ணங்கள் வெளியே போகிறார்கள், புதிதாக வந்தவர்களுக்கு யார் காடு எது என்று தெரியாது. எங்கள் பெயர் விழுந்தது இந்த இடைவெளியில்தான் என்பது என் கணிப்பு. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்படித் தவறு ஏறிய நூற்றுக்கணக்கான சிட்டாக்களைப் பிறகு கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இனி நடைமுறைப் பயன். எம்.ஃபில் படிக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். நாடாளுமன்றச் சட்டம் 2005இல் வந்தது. தமிழ்நாடு தனியாக 1997லேயே ஒன்று வைத்திருந்தது. 2005 சட்டத்தில் தகவல் உரிமை என்பது நகல் வாங்குவது மட்டும் இல்லை, ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் சேர்ந்தது. அப்பா கொடுத்த பதினொரு மனுவும் "கருணை கூர்ந்து" என்று முடிந்தவை. நான் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்தப் பதிவேட்டை எந்தத் தேதியில் பார்க்கலாம் என்று முப்பது நாளுக்குள் சொல்லும்படி எழுதினேன். பதில் இருபத்தெட்டாம் நாள் வந்தது.

2009, ஒரு வெள்ளிக்கிழமை. சிவப்புத் துணியில் கட்டிய கட்டை ஆவண எழுத்தர் மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்ட் பதிவேடு. ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. விரல் படாமல் ஒரு தபால் அட்டையை நுழைத்து நுழைத்துப் பக்கத்தைப் புரட்டினார். எங்கள் பழைய புல எண் வந்தது. அதற்கு நேரே அப்பாவுடைய தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயரோடு. அப்பா இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும். நாற்காலி போட்டும் அதுவரை உட்காரவில்லை, பிறகு உட்கார்ந்தார். துண்டு இடுப்பில்தான் இருந்தது.

அந்த நகல், மூலப்பத்திரம், பழைய கந்தாய ரசீதுகள் எல்லாம் சேர்த்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் யூ.டி.ஆர். திருத்த மேல்முறையீடு. நாலு வருஷம் விசாரணை. 2013இல் உத்தரவு வந்தது, நிலம் எங்கள் பெயருக்கு.

இதைச் சொன்னதும் "அப்போ வெள்ளைக்காரன் ஆட்சி நல்லது என்கிறாயா" என்று சிலர் வருவார்கள். இல்லை. அந்தப் பதிவேடு எங்கள் நன்மைக்கு எழுதப்படவில்லை, தீர்வை கட்டாவிட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக எழுதப்பட்டது. அடக்குவதற்கு எழுதிய காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற உரிமை குடிமக்களுக்கு வந்ததே, அதைத்தான் நான் ஜனநாயகமயமாதல் என்கிறேன். 1951–52இல் சுமார் 17 கோடி வாக்காளர்களோடு முதல் தேர்தல் நடத்தினோம். அதே காலனியச் சட்டங்களும் அதே அதிகாரிகளும் பங்கு போட்டுப் போன பாகிஸ்தானில் வயதுவந்தோர் வாக்குரிமையோடு நேரடிப் பொதுத்தேர்தல் 1970இல்தான் நடந்தது. இந்த வித்தியாசம் பெரியது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு வந்த பதினாறாவது நாள், பிப்ரவரி 11, நம் சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். ஆட்சி மாறியிருந்தது. துப்பாக்கி பிடித்தவர்களின் விதிப்புத்தகம் மாறியிருக்கவில்லை. 1859ஆம் வருஷத்து மாவட்டக் காவல் சட்டம்தான் அப்போதும் நடப்பில் இருந்தது.

மாமாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: ஒரு மனுவில் "கருணை" என்ற சொல்லை அடித்துவிட்டுச் சட்டப் பிரிவையும் நாள் கணக்கையும் எழுதக் கற்றுக்கொடுத்தது இந்தப் படிப்பு.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆறு வருஷம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். நிரந்தரப் பேராசிரியர் எடுத்த அதே பாடம், அதே மணி, சம்பளம் மட்டும் அவருடையதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மே மாதம் சம்பளமே கிடையாது. ஒருமுறை மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நிற்க, பிள்ளைகளுக்கு நலவாழ்வு அரசு பற்றிப் பாடம் எடுத்தேன். அன்று வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். பெயரில் கௌரவம் வைத்தவர்கள் சம்பளத்தைத் தேதிக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சரி, விடுங்கள்.

இப்போது ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதுகிறேன், குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு. வாசலில் போலீஸ் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடும். மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. 2018இல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்டபோது ஆட்சேபனை மனு எழுத வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2013ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு என்று யாரோ சொல்லி நம்பிக்கையோடு வந்தார்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956 அதிலிருந்து விலக்கு, உங்களுக்கு இருப்பது ஆட்சேபிக்க 21 நாள்தான் என்று ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பகுதியை மாற்றியது. அந்தச் சாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். 21 நாள் போதுமா என்பதை மட்டும் யோசியுங்கள்.

ஆய்வுத் தலைப்புக்கு அலைய வேண்டாம், இங்கேயே இரண்டு கிடக்கின்றன. ஒன்று, 2016 முதல் 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளில் தலைவரே இல்லாமல் தனி அலுவலர் ஆண்டது. அதற்கு முன்னாலும் 1970க்கு அடுத்த ஊராட்சித் தேர்தல் 1986இல், அதற்கடுத்து 1996இல். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போனதும் அந்த இடத்தில் உடனே அதிகாரி உட்கார முடிகிறதே, அது எப்படி? இரண்டு, ஏற்காடு மலை. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தவர் இல்லை, மலையில் வாழ்கிறவர்கள்) இருக்கிற ஊர்கள். பழங்குடிப் பகுதி கிராம சபைக்குத் தனி அதிகாரம் தரும் 1996 சட்டம் அங்கே செல்லாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று ஒரு அடிகூட அறிவிக்கப்படவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் செல்லும். காப்பி எஸ்டேட்டுக்கு 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வழி பிறந்த மலை அது. தோட்டத்துக்குக் காகிதம் எப்போது வந்தது, மலையாளி குடும்பத்தின் காட்டுக்குக் காகிதம் எப்போது வந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டியும் முடித்துவிட்டார். தாலுகா ஆபீஸ் போனால் துண்டு இன்றும் இடுப்புக்கு இறங்குகிறது. நானும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆய்வில் சேரும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வரும்போது உங்கள் வீட்டு சிட்டாவையும் எடுத்து வாருங்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய பட்டா ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.