சளியில் கிருமி இல்லை என்றால் காசநோய் இல்லையா? குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் நான்கு வயது மகளுக்கு மூன்று வாரமாக இருமலும் மாலைக் காய்ச்சலும் இருக்கின்றன. சளியைப் பரிசோதித்ததில் கிருமி இல்லை என்றார்கள். இனிக் கவலை வேண்டாம் அல்லவா? (சென்ற ஆண்டு அவளுடைய தாத்தா காசநோய்க்கு மருந்து சாப்பிட்டார்.)

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதுதான் இதில் முதன்மையான செய்தி. நுண்ணோக்கியில் கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். பெரியவர்களின் நுரையீரலில் குழி விழும்போது அத்தனை கிருமிகள் வெளியே வரும். சிறு குழந்தைகளிடமோ நோய் பெரும்பாலும் நுரையீரலின் வேர்ப்பகுதியிலுள்ள நெறிக்கட்டிகளில் தங்கிவிடுவதால் கிருமிகள் மிகக் குறைவு. போதாததற்கு, அந்த வயதில் குழந்தை சளியை விழுங்கிவிட்டு எச்சிலைத்தான் துப்பும். ஆகவே கிருமி தென்பட்டால் நோய் உண்டு என்று சொல்லலாம். தென்படாததை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் அல்லது காய்ச்சல், குறைகிற அல்லது ஏறாமல் நிற்கிற எடை, கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வீட்டில் காசநோயாளி ஒருவர் இருந்தமை, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே குழந்தைகளில் முடிவு எடுக்கிறோம். எக்ஸ்ரேயும், மரபணு முறையிலான சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனையும் உடனே செய்யுங்கள். அவற்றிலும் கிருமி அகப்படாத நிலையில், மற்ற சான்றுகள் வலுவாக இருந்தால் சிகிச்சை தொடங்குவது முறையானதே; பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இப்படி முடிவெடுக்கும் வழிமுறையை உலக சுகாதார நிறுவனமே 2022இல் வெளியிட்டிருக்கிறது. அங்கன்வாடி எடைப் பதிவையும் தாத்தாவின் சிகிச்சை அட்டையையும் கொண்டு செல்லுங்கள். அவருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் இருந்திருந்தால் குழந்தைக்கான மருந்துகளும் மாறும்.

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இருமலுக்கு வயிற்றில் என்ன தேடுகிறார்கள்?

பதில்: இரவு முழுவதும் விழுங்கிய சளி விடியற்காலையில் இரைப்பையில் தேங்கியிருக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், குழந்தை எழுந்து நடமாடுவதற்கு முன்பே அந்த நீரை எடுக்கிறார்கள். சில நிமிடங்கள் அழுவான் என்பது உண்மைதான்; ஆனால் இது ஆபத்தானதன்று, பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறை. விழுங்கிய சளி மலத்திலும் வெளிவருவதால், மலத்தில் சி.பி.நாட் செய்வதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. உங்கள் மருத்துவமனையில் அந்த வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பரிசோதனையில் 12 மில்லிமீட்டர் தடிப்பு. இது நோயா?

பதில்: தொற்று இருப்பதற்கான அடையாளம், நோய் என்பதற்கான சான்று அன்று. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கிருமி உடலுக்குள் நுழைந்திருப்பதாகக் கொள்கிறோம். அது நோயாக மாறியிருக்கிறதா என்பதை அறிகுறிகளும் எக்ஸ்ரேயும்தான் சொல்லும். மறுபுறம், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் அண்மையில் தட்டம்மை வந்த குழந்தைக்கும் நோய் இருந்தும் தடிப்பு வராமல் போகலாம்.

கேள்வி: மகள் ஒல்லியாக இருக்கிறாள், மாதந்தோறும் சளி பிடிக்கிறது. 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலைக் காசநோய்) என்று சொல்லி ஆறு மாத மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை.

பதில்: எக்ஸ்ரேயும் இல்லாமல், சளி அல்லது வயிற்று நீர் மாதிரியும் இல்லாமல் இந்த மருந்தைத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியாது. ஒல்லியான உடலும், வந்து வந்து போகும் சளியும் காசநோயின் அடையாளங்கள் அல்ல. காசநோய் இருமல் இடைவிடாமல் நீடிக்கும். ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இந்தப் பெயரில் மறைந்துகொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். இந்நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவது எவ்வளவு தவறோ, இல்லாத நோய்க்குப் பிள்ளையை ஆறு மாதம் மாத்திரை விழுங்க வைப்பதும் அவ்வளவு தவறு. வேறொரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் காசநோயைக் கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியாது. எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனைகள் பொய்யான முடிவுகளைத் தருவதால் இந்திய அரசு 2012இலேயே அவற்றைத் தடை செய்துவிட்டது. இன்று கிடைக்கும் இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையும் மாண்டூவைப் போலத் தொற்றை மட்டுமே காட்டும்.

கேள்வி: பிறந்தவுடன் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அப்படியும் வருமா?

பதில்: வரும். மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வடிவங்களிலிருந்து சிறு குழந்தைகளை அது பெருமளவு காக்கிறது. ஆனால் 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரியவந்தது.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஒரு மாதமாக இருமல், எடையும் குறைகிறது. பொதுத்தேர்வு முடிந்தபின் பரிசோதிக்கலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். வளரிளம் பருவத்தில் இந்நோய் பெரியவர்களுடையதைப் போலவே நுரையீரலின் மேற்பகுதியில் குழிகளை உண்டாக்கும். கிருமிகள் ஏராளமாக இருப்பதால் வீட்டிலும் வகுப்பிலும் பரவும். இந்த வயதினரால் ஆழ்ந்து இருமிச் சளியைத் துப்ப முடியும் என்பதால் சிறு குழந்தைகளிடம் இல்லாத வசதி இங்கே நமக்கு உண்டு. அரசு மருத்துவமனையில் சி.பி.நாட் இலவசம், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் அதே பரிசோதனை தெரிவித்துவிடும். அவனைத் தனியே ஒரு நிமிடம் மருத்துவரிடம் பேச விடுங்கள், ஏனெனில் இருமும்போது இரத்தம் வந்ததைப் பெற்றோரிடம் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரையும், முதலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களை, பரிசோதிக்க வேண்டும்; நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள்.