மாடல் ஜெட்டுக்கு எரிபொருள் நிரப்பும் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரேடியோவில் இயக்கும் மாடல் ஜெட் விமானத்தின் டர்பைன் இன்ஜினுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட, அதன் டேங்குக்கு எரிபொருள் நிரப்பும் பெட்டியைக் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். தூசும் தண்ணீரும் காற்றும் இன்ஜினை நோக்கிக் கிளம்புவது இந்தப் பெட்டியிலிருந்துதான். வந்த கேள்விகளில் இதைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கே: 100 நியூட்டன் உந்துவிசை தரும் டர்பைன் வாங்கியிருக்கிறேன். பெட்டியை ரெடிமேடாக வாங்கலாமா, நானே செய்யலாமா? (கோயம்புத்தூர்)

நீங்களே செய்யுங்கள். பம்பை மட்டும் நல்லதாக வாங்குங்கள். இந்த அளவு டர்பைன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 முதல் 400 மி.லி. வரை குடிக்கும். விமானத்தின் டேங்க் பெரும்பாலும் இரண்டரை, மூன்று லிட்டர்தான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தரும் பம்ப் தாராளமாகப் போதும். அதிவேகப் பம்புக்குப் பணம் கொடுப்பது வீண். அதோடு, டேங்கின் காற்று வெளியேறும் காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் அந்த வேகமே டேங்கின் ஒட்டுகளைப் பிளந்துவிடும்.

பத்து லிட்டர் கெட்டி பிளாஸ்டிக் கேன், 12 வோல்ட் கியர் பம்ப், பம்பை இரு திசையிலும் ஓட்ட, நடுவில் 'ஆஃப்' உள்ள ஸ்விட்ச், ஃபில்டர், ஃபியூஸ், வழிந்து வரும் எரிபொருளைப் பிடிக்க ஒரு பாட்டில். இவ்வளவுதான் தேவை. உறிஞ்சும் குழாயின் நுனி கேனின் அடியைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். தண்ணீரும் மண்டியும் அடியில்தான் தங்கும், அவை அங்கேயே கிடக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த அடிமண்டியைத் தனியாகக் கொட்டிவிடுங்கள். கேனுக்கு நாகப்பூச்சு பூசிய தகர டின்னும், குழாய்க்குச் செம்பும் வேண்டாம். இரண்டுமே மண்ணெண்ணெய் வகை எரிபொருளோடு நாளாவட்டத்தில் வினைபுரிந்து அதைக் கெடுக்கும்.

கே: பேட்டரி ஸ்பிரேயரில் வரும் பம்ப் மலிவாகக் கிடைக்கிறது. கார் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப்பும் இருக்கிறது. பயன்படுத்தலாமா? (ஈரோடு)

இரண்டுமே தண்ணீருக்குச் செய்தவை. உள்ளே இருக்கும் ரப்பர்தான் சிக்கல். தண்ணீர் பம்புகளில் அதிகம் வரும் இ.பி.டி.எம். ரப்பர், மண்ணெண்ணெயிலும் டீசலிலும் ஊறி உப்பிவிடும். முதலில் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் வேகம் குறையும், பிறகு ரப்பர்த் துகள் பிரிந்து எரிபொருளோடு போகும். பம்ப் நின்றுபோவதைவிட அந்தத் துகள்தான் எனக்குக் கவலை. சீல்கள் வைட்டான் அல்லது நைட்ரைல் ரப்பர் என்று எழுதியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கே: சிலிக்கான் டியூப் போதுமா? (பினாங்கு)

போதாது. மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜினுக்கு அது சரி. மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்து இணைப்பிலிருந்து கழன்றுவிடும். மஞ்சள் நிற டைகான் எரிபொருள் டியூப் அல்லது பாலியூரித்தேன் டியூப் போடுங்கள்.

கே: பம்பைத் திருப்பி ஓட்டித்தான் விமானத்தில் மிஞ்சிய எரிபொருளை வெளியே எடுக்கிறேன். ஃபில்டரை எங்கே வைப்பது? (சென்னை)

வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். வழக்கமாக ஃபில்டர் பம்புக்கும் விமானத்துக்கும் நடுவில் இருக்கும். நிரப்பும்போது கேனிலிருந்தும் பம்பிலிருந்தும் வரும் தூசு அதன் பம்ப் பக்கத்து முகத்தில் படிகிறது. இதுவரை சரி. இப்போது பம்பைத் திருப்புகிறீர்கள். படிந்திருந்த தூசு கழுவப்பட்டுக் கேனுக்கே திரும்புகிறது. அதே நேரம் விமான டேங்கிலிருந்து வரும் துகள்கள், உதாரணமாக புது டேங்கில் துளையிட்ட சீவல், ஃபில்டரின் மறுமுகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த முகத்தைச் சுத்தமானது என்று நம்பியிருப்போம். அடுத்த முறை நிரப்பும்போது அத்தனையும் அப்படியே விமானத்துக்குள் போகும்.

ஆகவே, வெளியே எடுக்கத் தனி டியூப் வையுங்கள். அது ஃபில்டர் வழியாகப் போகவே கூடாது. பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு மூவழி வால்வு போட்டால் ஒரே பம்ப் இரண்டு வேலையும் செய்யும். எடுத்த எரிபொருள் வேறு கேனுக்குப் போகட்டும். ஓரிரவு தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். விமானத்துக்குள் இருக்கும் பம்புக்கும் டர்பைனுக்கும் இடையிலான சிறு ஃபில்டர் தனி. பெட்டியில் எத்தனை ஃபில்டர் இருந்தாலும் அதை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். நாளின் முதல் நிரப்பலுக்கு முன் நிரப்பும் டியூப்பின் நுனியைக் கேனுக்குள்ளேயே விட்டு ஒரு நிமிடம் பம்பை ஓட்டுங்கள். நுனி எரிபொருளுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் ஆயில் கலந்த எரிபொருள் நுரைத்துவிடும். இதில் டியூப்பில் இருக்கும் காற்று வெளியேறுகிறது, எரிபொருளும் ஒரு சுற்று கூடுதலாக வடிகட்டப்படுகிறது. இல்லையென்றால் டியூப்பில் நின்ற காற்று முதலில் போய்ச் சேர்வது விமானத்தின் ஹெடர் டேங்குக்குத்தான் (இன்ஜினுக்கு எரிபொருள் தரும் சிறு டேங்க்). பறக்கும்போது அங்கிருந்து ஒரு பெரிய குமிழி கிளம்பினால் டர்பைன் அணைந்துவிடும்.

கே: ஆயில் எவ்வளவு கலப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (சிங்கப்பூர்)

உங்கள் இன்ஜின் கையேடு சொல்வதுதான் கணக்கு, பக்கத்து ஓடுபாதை நண்பர் சொல்வது அல்ல. பெரும்பாலான கையேடுகளில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். ஏரோஷெல் 500, மொபில் ஜெட் ஆயில் 2 போன்ற டர்பைன் ஆயில்கள் 946 மி.லி. டின்களில் வருகின்றன. ஒரு டின்னை 19 லிட்டருக்கு ஊற்றினால் 5 சதவீதம், 31 லிட்டருக்கு ஊற்றினால் 3 சதவீதம். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று அளவில் ஓடும் பேரிங்குகளுக்கு இந்தக் கலவையிலிருந்து பிரியும் ஒரு சிறு பங்குதான் உயவு. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக்குவளையில் அளந்தே ஊற்றுங்கள். கையுறை கட்டாயம், ஏனென்றால் இந்த ஆயில்களில் இருக்கும் பாஸ்பேட் சேர்மானம் நச்சுத்தன்மை உள்ளது.

தண்ணீரைப் பிரிக்கும் டெஃப்லான் சல்லடைப் புனல் வைத்திருந்தால் ஆயில் கலப்பதற்கு முன்பே எரிபொருளை அதில் ஊற்றி வடித்துவிடுங்கள்.

கே: ரேஷன் மண்ணெண்ணெய் பயன்படுத்தலாமா? (மதுரை)

கூடாது. நீலச் சாயம் போட்ட அந்த எண்ணெய் ஏழைக் குடும்பங்களின் அடுப்புக்கும் விளக்குக்குமானது. 1993-ஆம் ஆண்டின் மண்ணெண்ணெய் ஆணை வேறு பயன்பாட்டைத் தடுக்கிறது. வெளிச்சந்தையில் கிடைக்கும் வெள்ளை மண்ணெண்ணெய், அல்லது கையேடு அனுமதித்தால் பங்க் டீசல் போதும். பங்கில் கேனை நிரப்பும்போது காரின் டிக்கியில் வைத்தபடி நிரப்பாதீர்கள். தரையில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேரும் அபாயம் குறையும்.

கே: நிரப்பி முடித்து ஸ்டார்ட் செய்தபோது பின்னால் ஒரு முழ நீளத்துக்குத் தீ வந்தது. ஏன்? (கொழும்பு)

நிரப்பும்போது இன்ஜினுக்குப் போகும் கைவால்வை மூட மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெட்டியின் பம்ப் கொடுக்கும் அழுத்தம் விமானப் பம்பையும் தாண்டி எரிபொருளை எரியறைக்குள் தள்ளியிருக்கும். தேங்கிய அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. வால்வை மூடு, காற்றுக்குழாயின் மூடியை எடு, பிறகுதான் ஸ்விட்ச். இந்த வரிசையைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் இருக்கட்டும். பவுடர் அணைப்பான் தீயை அணைக்கும், ஆனால் உள்ளே போன பவுடர் டர்பைனைப் பாழாக்கிவிடும்.

கே: மே மாத வெயிலில் கேனை வெளியே வைக்கலாமா? (திருச்சி)

நிழலில் வையுங்கள். விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகையான ஜெட் ஏ-1 எரிபொருளின் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 38 டிகிரி. அதற்குக் கீழே அதன் ஆவி எளிதில் பற்றாது. நம் கோடையில் வெயிலில் கிடக்கும் கேன் அந்த அளவைத் தாண்டிவிடும், பெட்டிக்குள் ஸ்விட்சின் சிறு பொறியும் அப்போது ஆபத்துதான். பேட்டரியையும் ஸ்விட்சையும் எரிபொருளிலிருந்து தனி அறையாகப் பிரித்து வையுங்கள். காலைக் குளிரில் நிரம்பிய மூன்று லிட்டர் டேங்க், மதியம் 20 டிகிரி சூடேறினால் 50, 60 மி.லி. விரிந்து காற்றுக்குழாய் வழியே வழியும். பறப்பதற்குச் சற்று முன்னால் நிரப்புவதே நல்லது.