உடலில் வெண்புள்ளிகள் உள்ள ஒருவர் நம்பிக்கையோடு வாழ்வது எப்படி?

முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் பரவுவதால் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 19 வயதில் வலது கை விரல் நுனியில் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் உதட்டோரம், கன்னம், முன்கை என்று பரவியது. இப்போது 43 வயதாகிறது.

நோயைவிட அதன் பழைய பெயர்தான் என்னை அதிகம் வதைத்தது. ஊரார் 'வெண்குஷ்டம்' என்று சொல்லிச் சொல்லி, இதற்கும் தொழுநோய்க்கும் தொடர்பு உண்டென்று நானே நம்பியிருந்தேன். உறவினர் திருமணத்தில் பந்தி பரிமாறப் பாயச வாளியைத் தூக்கியபோது, பெரியப்பா முறையுள்ள ஒருவர் "நீ போய் உட்காருப்பா" என்று மெல்ல அதை வாங்கிக்கொண்டார். அன்பாகத்தான் சொன்னார், வலித்ததும் அதனால்தான். தொழுநோய் கிருமியால் வருவது, அதன் தேமலில் உணர்ச்சி குறையும் என்றும், வெண்புள்ளியோ நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தோலின் நிறமி அணுக்களை அழிப்பதால் வருவது, யாருக்கும் ஒட்டாது என்றும் தோல் மருத்துவர் விளக்கியது எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். என் வெள்ளைத் தோலைப் பஞ்சால் வருடி, "தெரிகிறதா?" என்று அவர் கேட்டார். நன்றாகவே தெரிந்தது.

பிறகு வாரம் இரண்டு முறை புற ஊதாக் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். நான்காவது மாதம், முன்கையின் வெள்ளைத் திட்டுக்குள் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் பழுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. மயிர்க்காலுக்குள் மிச்சமிருக்கும் நிறமி அணுக்களே மேலே ஏறி வந்து நிறம் தருகின்றன என்றும், மயிர்க்கால் இல்லாத விரல் நுனியும் உதடும் எளிதில் நிறம் திரும்பாதவை என்றும் அறிந்தபோது, என் எதிர்பார்ப்பு முதல்முறையாக ஓர் அளவுக்குள் அடங்கியது. கன்னமும் முன்கையும் பெருமளவு தேறின. விரல்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. அவற்றிடம் நான் இப்போது எதுவும் கேட்பதில்லை. மருத்துவமும் நின்றுவிடவில்லை: இந்நோய்க்கென ரக்ஸோலிடினிப் களிம்புக்கு அமெரிக்கா 2022-இல் ஒப்புதல் அளித்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள், வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் அதை மனத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மைக்கேல் ஜாக்சன் தமக்கு இந்நோய் இருப்பதை 1993-இல் தொலைக்காட்சிப் பேட்டியில்தான் வெளிப்படையாகச் சொன்னார். உலகமே பார்த்த மனிதருக்கே சொல்வதற்குக் காலம் தேவைப்பட்டதென்றால், நீங்கள் ஒதுங்கியிருந்த நாட்களுக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர். நாள் முழுவதும் மற்றவர் கண்ணெதிரே இருப்பவை என் விரல்கள்தான். புதிதாக வருபவர் பார்வை அவற்றில் நின்றால், அவர் கேட்கும் முன்பே, "இது வெண்புள்ளிங்க, ஒட்டாது" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணத் தொடங்குகிறேன். பெரும்பாலோர் கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். மேசைமேல் வைக்கச் சொல்பவருக்கு மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்தவரை அழைக்கிறேன்.