கூடலூர் பெட்ரோலும் மேட்டுப்பாளையம் பெட்ரோலும்: ஒன்றரை ரூபாய்க்கு மலையிறங்கலாமா?

கேள்வி: கூடலூரை அடுத்த தேவர்சோலையில் வசிக்கிறேன். பெட்ரோலில் ஓடும் சிறிய வேன் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓட்டி வருகிறேன். மாதம் 1,600 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. பெட்ரோலுக்கு 14,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகிறது. அம்மாவின் சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை அதே வேனில் கோவைக்குப் போய் வருகிறோம். மேட்டுப்பாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. ஒரே மாநிலத்தில் இது ஏன்? வரும்போது டேங்க்கை நிரப்பிக்கொண்டு, கூடவே இரண்டு கேன்களிலும் பிடித்து வந்தால் மிச்சமாகும் என்று என் மைத்துனர் கேன்களையே வாங்கி வந்து, ஒருமுறை பெட்ரோலும் கொண்டுவந்து வைத்துவிட்டார். கர்நாடகப் பக்கம் போனால் இன்னும் மலிவு என்கிறார். பெட்ரோலுக்கென்றே கிரெடிட் கார்டு ஒன்று வாங்கச் சொல்லி வங்கியிலிருந்தும் அழைக்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: உங்கள் மைத்துனரின் கணக்கில் பாதி சரி. விலை வித்தியாசம் உண்மைதான். அது உங்கள் கைக்கு வந்து சேருமா என்பதில்தான் அவர் தவறுகிறார்.

முதலில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். மத்திய அரசின் கலால் வரி காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒன்றே. எண்ணெய் நிறுவனங்கள் கிடங்கில் வைக்கும் அடிப்படை விலையிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஊருக்கு ஊர் மாறுவது கிடங்கிலிருந்து பங்க் வரைக்குமான லாரி வாடகை. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது விற்பனை வரி. கோவையை அடுத்த இருகூர்க் கிடங்குக்குக் கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாகவே பெட்ரோல் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீலகிரிக்கு ஏறுவதெல்லாம் டேங்கர் லாரியில்தான். மேட்டுப்பாளையம் பங்க்குக்கு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் லாரி, கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டு ஏறி, ஊட்டியைக் கடந்து, நடுவட்டம் வழியாக மறுபடி இறங்கி உங்கள் ஊரை அடைய வேண்டும். பின்பு காலியாகத் திரும்பவும் வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிக்கு இதனால் 12,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறிவிடுகிறது. அந்த ஒரு ரூபாயோடும் விஷயம் முடிவதில்லை. வாடகையும் சேர்ந்த விலையின் மேல்தான் மாநில வரி சதவீதக் கணக்கில் விழுகிறது என்பதால், மலையேறிய கூலிக்கும் நாம் வரி கட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 14 முதல் பெட்ரோலுக்கான வரி 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று இரண்டு பகுதியாக வசூலிக்கப்படுகிறது. இரண்டாவது பகுதி விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. எனவே ஒரு ரூபாய் லாரி வாடகை நம்மிடம் 1 ரூபாய் 13 காசாக வந்து சேர்கிறது. கர்நாடகத்தில் முழுவதும் சதவீதக் கணக்கு என்பதால் அதே ஒரு ரூபாய் அங்கே ஏறக்குறைய 1 ரூபாய் 30 காசாகிவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டதால்தான் மாநிலத்துக்கு ஒரு வரி என்ற நிலை தொடர்கிறது. ஒருவேளை நாளையே உள்ளே கொண்டுவந்தாலும் கூடலூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையிலான வித்தியாசம் மறையாது, ஏனென்றால் லாரி அப்போதும் மலையேறித்தான் ஆக வேண்டும்.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்பதால் எல்லைக் கணக்கையும் போட்டுவிடுவோம். மாநில வரிக்கு முந்தைய விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வரி 10 ரூபாய் 40 காசும் 11 ரூபாய் 52 காசும் சேர்ந்து 21 ரூபாய் 92 காசு. கர்நாடகம் 2024 ஜூன் 15 அன்று தன் விற்பனை வரியை 25.92 சதவீதத்திலிருந்து 29.84 சதவீதமாக உயர்த்தியது. அதன்படி 23 ரூபாய் 87 காசு. கேரளத்தில் 30.08 சதவீத வரி, லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, அவற்றின் மேல் ஒரு சதவீத செஸ், 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென 2 ரூபாய் என்று எல்லாம் சேர்த்து 27 ரூபாயைத் தாண்டுகிறது. கர்நாடகப் பெட்ரோல் மலிவு என்று உங்கள் மைத்துனர் சொல்வது 2024 ஜூனுக்கு முந்தைய கதை. அப்போது ஒரு ரூபாய் அளவுக்கு இருந்த சாதகம் அந்த உயர்வோடு தலைகீழாகிவிட்டது. டீசல் வண்டிக்காரர்கள் குண்டலுப்பேட்டையில் நிரப்பி வந்த பழக்கத்தைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். டீசலுக்கு வரி வேறு, உங்கள் வேனுக்கு அது பொருந்தாது. போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காட்டுப்பாதை, இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும் பந்திப்பூர் வழி என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. கேரளமோ நேர்மாறு: கொச்சியிலிருந்து புறப்பட்டு, இருகூர் சுற்றி, மலையேறி இறங்கி வந்த பெட்ரோலைப் போட்டுக்கொள்ள வயநாட்டு வண்டிகள் உங்கள் ஊர்ப் பங்க்கில் நிற்பதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். அவர்கள் செய்வது நியாயமான கணக்கு.

இனி உங்கள் கணக்கு. மாதம் 140 லிட்டர் போடுகிறீர்கள். அவ்வளவையும் மேட்டுப்பாளைய விலையில் போட முடிந்தால்கூட 210 ரூபாய்தான் மிச்சம். ஆனால் மாதம் இரண்டு முறைதான் கீழே போகிறீர்கள். ஒவ்வொரு முறையும் 30 லிட்டர் நிரப்பினால் 45 ரூபாய், இரண்டுக்கும் 90 ரூபாய். அதிலும் ஒரு கழிவு உண்டு. 30 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 22 கிலோ. அந்த 22 கிலோவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை, அதாவது 1,900 மீட்டர் உயரத்துக்கு வேன் தூக்கி வர வேண்டும். அந்தச் சுமைக்கு மட்டும் ஐந்தாறு ரூபாய்ப் பெட்ரோல் எரிந்துவிடும். ஆக, ஒரு தடவைக்கு நாற்பது ரூபாய் தேறும். போகிற வழிதானே, டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்றால் தாராளமாக நிரப்பிக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. நானும் கோவையிலிருந்து திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் நிரப்பாமல் மலையேறியதில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான், பங்க்கில் வண்டியை நிறுத்திய கையோடு பக்கத்துக் கடையில் குடும்பத்தோடு டீயும் வடையும் சாப்பிட்ட பில், மிச்சம் பிடித்ததைவிட எப்போதும் பெரிதாக இருந்ததைக் கவனித்தேன்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஊட்டி வழியாகத்தான் போய் வருகிறீர்கள். பெட்ரோல் ஒரு டிகிரி சூடானால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். பங்க் மீட்டரோ லிட்டரைத்தான் அளக்கிறது, எடையை அன்று. சமவெளியைவிடப் பத்து டிகிரி குளிர்ந்த பெட்ரோலை மேலே போட்டால், அதே ஒரு லிட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடுதலான எரிபொருள் கிடைக்கிறது. விலையில் பார்த்தால் அது ஒரு ரூபாய். தரையடித் தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு நேரம் ஆறியது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். உங்கள் கூடலூரில் ஊட்டி அளவுக்குக் குளிர் இல்லாததால் பலனும் குறைவு. ஆனாலும் போர்டில் எழுதியிருக்கும் ஒன்றரை ரூபாய் முழுவதும் நஷ்டம் அன்று என்று ஆறுதல் கொள்ளலாம்.

கேன் யோசனையை முழுதாகக் கைவிட்டுவிடுங்கள். விற்பனைக்கல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கான பாத்திரம் இறுக மூடிய உலோகக் கேனாக, 25 லிட்டருக்கு மிகாததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனுக்கு அந்தச் சலுகை கிடையாது. சட்டத்தை விடுங்கள், மலையைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன்போல் உப்பி நிற்பதை நம் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் நேரும் அதே உப்பல் பெட்ரோல் கேனுக்கும் நேரும். மூடியைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வரும், கசிந்தால் வேன் முழுக்கப் பரவும். மறுநாள் காலை அதே வேனில்தான் பிள்ளைகள் ஏறுகிறார்கள். நாற்பது ரூபாய்க்கு இந்த வேலை வேண்டாம்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் என் பதில் நிபந்தனையோடு கூடியது. மாதக் கடைசியில் பில் முழுவதையும் ஒரே தவணையில் கட்டிவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக இருந்தால், வாங்குவதில் குற்றமில்லை. ஓரிரண்டு சதவீதம் புள்ளிகளாகத் திரும்பி வரும். ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை, உங்களுக்கு வருமானம் இராது. அப்போது ஏப்ரல் மாதப் பில் 14,000 ரூபாயைக் கட்டாமல் தள்ளிப்போட்டால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 490 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என ஒரே மாதத்தில் 578 ரூபாய் போய்விடும். மேட்டுப்பாளையத்தில் நிரப்பி ஆறு மாதத்துக்கும் மேலாகச் சேர்த்தது அதில் கரைந்துவிடும்.

பணம் உண்மையில் ஒழுகும் இடம் வேறு. 1,600 கிலோமீட்டருக்கு 140 லிட்டர் என்றால் உங்கள் வேன் லிட்டருக்குப் பதினொன்றரை கிலோமீட்டர் கூடத் தரவில்லை. மலையில் இது மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. பன்னிரண்டரை வந்துவிட்டால் மாதம் 128 லிட்டர் போதும். 1,200 ரூபாய் மிச்சம். டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி சூடாவதற்கு முன் காலையில் சரிபாருங்கள். நடுவட்டம் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம் டிரைவர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் இது தலைகீழ். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கினால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் சூடேறும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

அதைவிடப் பெரிது காலி ஓட்டம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பி, மாலையில் மறுபடி காலியாகப் போகிறீர்கள் என்றுதான் 1,600 கிலோமீட்டர் எனக்குச் சொல்கிறது. பள்ளி வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் என்றால் நாளுக்குப் பதினான்கு கிலோமீட்டர் யாருக்கும் பயனில்லாமல் ஓடுகிறது. தினமும் பள்ளிப் பக்கமே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. வாரத்தில் இரண்டு நாள், வங்கி வேலை, கடை வேலை, பட்டறை வேலை எல்லாவற்றையும் அந்த நாள்களுக்கு ஒதுக்கி, கூடலூரிலேயே பகலைக் கழித்தால் போதும். மாதத்துக்கு 112 கிலோமீட்டர், பத்து லிட்டர், ஆயிரம் ரூபாய்.

பெற்றோரிடம் கட்டணம் பேசும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் உரிமை 2010 ஜூனில் நிறுவனங்களுக்குப் போனது. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம் என்ற முறை நாடு முழுவதும் இருக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் விலை ஒரே வாரத்தில் ஏறத் தொடங்குவதையும் பார்த்திருக்கிறோம். ஜூனில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த ஏப்ரல் வரை அதிலேயே ஓட்டினால் அந்த ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில் விழும். லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினால் உங்களுக்கு மாதம் 700 ரூபாய் கூடுதல் செலவு. பதினான்கு பிள்ளைகள் என்றால் தலைக்கு 50 ரூபாய். இதைச் சேர்க்கையின்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், நடுவில் கேட்கும்போது மனத்தாங்கல் வராது. விலை இறங்கினால் அதே கணக்கில் குறைத்தும் விடுங்கள். முழு டேங்க் நிரப்பிய தேதி, லிட்டர், கிலோமீட்டர் மீட்டர் எண் ஆகிய மூன்றையும் சிறிய நோட்டில் எழுதி வேனிலேயே வைத்திருங்கள். கேட்கும் பெற்றோருக்குக் காட்ட அதைவிட நல்ல சான்று இல்லை.

மைத்துனர் கொண்டுவந்து வைத்த பெட்ரோலை இன்றைக்கே வேனில் ஊற்றிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு. காலிக் கேன்களைத் தண்ணீர் பிடிக்கவோ மண்ணெண்ணெய் வைக்கவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். காலி என்று நினைக்கும் கேனில்தான் ஆவி நிறைந்திருக்கும். மூடியைத் திறந்து நான்கைந்து நாள் கொல்லையில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போட்டுவைத்து, பிறகு பழைய சாமான் கடையில், உள்ளே இருந்தது பெட்ரோல் என்று சொல்லியே கொடுத்துவிடுங்கள்.