சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டால் சைக்கிள் பாதை ஆகிவிடாதா?

ஆகாது. கோடு காரைத் தடுக்காது; சில நாட்களில் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறப்பதும் அந்தப் பக்கம்தான். வேண்டியது திண்டு கட்டிப் பிரித்த தடம்.

அதைவிட முக்கியம் சாலைச் சந்திப்பு. திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் வரும் சைக்கிள் எளிதில் கண்ணில் படாது. மூலையில் சிறு திட்டு அமைத்தால், அவர் வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டும். சைக்கிளும் எதிரே தெரியும். ஆனால் பல நகரங்களில் பாதை சந்திப்புக்குச் சற்று முன்பே முடிந்துவிடுகிறது. ஆபத்து தொடங்கும் இடத்தில் கைகழுவிவிடுகிறார்கள்!

இன்று சைக்கிள் சொர்க்கம் எனப்படும் நெதர்லாந்தும் ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகே தனித்தடங்கள் பெருகின.