மந்த வாயுக்கள் உண்மையில் மந்தமானவையா? டர்பன் வாசகர்களின் கேள்விகள்

சாட்ஸ்வர்த் மாணவி: ஐயா, ஹீலியம், நியான், ஆர்கான், செனான் போன்ற மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்று படித்தேன். சரிதானா?

ஹீலியம், நியான் வரை சரி, மகளே. செனானுக்குச் சரியில்லை. அது பெரிய அணு; வெளி எலெக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி இருப்பதால் பிடி தளர்ந்திருக்கும். பிளாட்டினமும் ஃபுளோரினும் சேர்ந்த பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலெக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கனடாவில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கண்டார். ஆக்சிஜனிடம் பறிக்க 12.07 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை, செனானிடம் 12.13. இவ்வளவு நெருக்கம் என்றால் செனானிடமும் பறிக்கலாமே! 1962இல் அந்த ஹெக்சாஃபுளோரைடின் சிவந்த ஆவியை நிறமற்ற செனானோடு கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் கலந்த செம்மஞ்சள் திடப்பொருள் படிந்தது; செனான் சேர்ந்துவிட்டது! வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

பீனிக்ஸ் வாசகர்: கடைப் பலகைகளில் எரியும் எல்லா நிறமும் நியானா?

இல்லை. நியான் தருவது செம்மஞ்சள். நீலத்துக்கு ஆர்கானும் பாதரச ஆவியும்.

துறைமுக வெல்டர்: அண்ணே, தொட்டிக்குள் இறங்கி ஆர்கான் வைத்து வெல்டிங் செய்கிறோம். அது நஞ்சில்லையே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

பயப்படத்தான் வேண்டும், தம்பி. உருகிய எஃகைக் காற்று தொடாமல் ஆர்கான் போர்த்திக் காப்பதால்தான் உங்கள் வெல்டிங் கருகாமல் பளபளக்கிறது. அதே ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது. அடியில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். நமக்கு மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு சேர்வதால் வருவது. ஆர்கானைச் சுவாசிக்கும்போதும் கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் உடல் எச்சரிக்காது. ஓரிரு மூச்சில் மயக்கம் வந்துவிடும். காப்பாற்றக் குதிப்பவரும் விழுவார். மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கவே கூடாது. மேலே ஒருவர் கட்டாயம் நிற்கட்டும்.

ஒரு தாய்: பலூனுக்கு அடைக்கும் ஹீலியம் எங்கிருந்து கிடைக்கிறது?

பூமிக்குள்ளிருந்து, அம்மா. கதிரியக்கத் தனிமங்களான யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள், அதாவது ஹீலியத்தின் கரு, இரண்டு எலெக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டால் அதுவே ஹீலியம். நம் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வெர்ஜினியா ஊர்ப் பக்கம் நிலத்தடி எரிவாயுவோடு அது கலந்து வருகிறது. இதில் நமக்கு இன்னொரு உறவும் உண்டு. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை இங்கே டர்பனுக்குக் கொண்டுவந்தது. எட்டு ஆண்டு ஆகுமுன், 1868 ஆகஸ்டில், அதே சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டும். சூரிய ஒளியில் அந்த ஆண்டு தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல என்று ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் கண்டுகொண்டார். அதுதான் ஹீலியம்.

பலூனிலிருந்து கசிந்தால் மேலேறி, கடைசியில் விண்வெளிக்கே போய்விடும். மருத்துவமனை எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிகளின் காந்தங்களைக் குளிர்விக்க அது வேண்டும். பிறந்தநாளுக்கு வாயால் ஊதிய பலூன்களே போதும், அம்மா.