பழைய கடை, காய்ந்த கறி

கேள்வி: டெக்சஸில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பார்பிக்யூ கடை (கறியைப் புகையில் வேகவைத்து விற்கும் கடை) என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் குடும்பத்தோடு போனோம். சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள், விருதுகள். தட்டில் வந்த பிரிஸ்கெட்டோ காய்ந்துபோய், எடுத்தால் உதிர்ந்தது. ரிப்ஸ், அதாவது விலா எலும்புக் கறி, ஆறிக் கிடந்தது. நான்கு பேருக்கு 130 டாலர். நமக்குத்தான் இந்த ருசி பிடிபடவில்லையா, இல்லை கடையே அவ்வளவுதானா? – வாசகி, டாலஸ்

பதில்: உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. காய்ந்த கறி எந்த ஊரிலும் காய்ந்த கறிதான், அதற்கெல்லாம் தனியாக ரசனை வளர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்மார்பு. உடம்பு எடையில் பெரும்பங்கை நாள் முழுக்கத் தாங்குகிற தசை, அதனால் ஜவ்வு ஏராளம். அந்த ஜவ்வில் இருக்கும் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று வரும், அதற்கு மிதமான சூட்டில் 12 மணி நேரம், சில கடைகளில் அதற்கும் மேலே, புகையிலேயே கிடக்க வேண்டும். நடுவில் கறியின் உள்சூடு 65, 70 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும், மேலே கசியும் ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்றுகொண்டே இருப்பதால், மணிக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும். இப்படி நிற்பதை ஸ்டால் என்பார்கள். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள்ளே 95 டிகிரியை ஒட்டி வந்து, கம்பியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கினால் வெந்தது என்று அர்த்தம்.

சரி, இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரியெல்லாம் வெந்த கறி காலையில் இறங்குகிறது, 11 மணிக்குக் கடை திறக்கிறார்கள். நீங்கள் போனது ஆறரைக்கு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி சூடான பண்டத்தை 57 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது, ஆகவே அது எங்கோ ஒரு சூட்டுப் பெட்டியில் காத்திருந்திருக்கும். முழுசாகச் சுற்றிவைத்த பிரிஸ்கெட் பல மணி நேரம் தாங்கும், அது பிரச்சினையே இல்லை, நல்ல கடைகளே அப்படித்தான் செய்கின்றன. ஆனால் வெட்டிவைத்த துண்டு சில நிமிடங்களிலேயே வறண்டுவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது முன்கூட்டியே வெட்டி, தட்டில் குவித்து, விளக்குச் சூட்டில் வைத்திருந்த கறி. அதிலும் கொழுப்பில்லாத பக்கம்.

ஆமாம், பிரிஸ்கெட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. மெலிந்த தட்டைப் பக்கத்தை லீன் என்பார்கள், கொழுப்போடிய தடித்த பக்கத்தை மாய்ஸ்ட் என்பார்கள். நீங்களாக வாய் திறந்து "மாய்ஸ்ட்" என்று கேட்க வேண்டும், உங்கள் கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லவும் வேண்டும். ஒரு துண்டை விரல்மேல் குறுக்கே போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும், ஆனால் அறுந்துவிடாது. லேசாக இழுத்தால் பிரிந்து வரும். அது பதம். தானாக உதிர்ந்தால் அளவுக்கு மீறி வெந்தது, ரப்பராக இழுத்தால் வேகவில்லை.

கடையின் வயதுக்கு வருகிறேன். மத்திய டெக்சஸில் இந்தக் கடைகள் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக்குகளும் நடத்திய கறிக்கடைகளிலிருந்து வந்தவை. விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்து, அதே கறிக்கடைக் காகிதத்தில் சுற்றி எடைக்கு விற்றார்கள். இன்றும் பல இடங்களில் தட்டுக்குப் பதில் காகிதம்தான். அந்தக் காலத்தில் மலிவான பாகமாக இருந்த பிரிஸ்கெட், இன்று பெயர்பெற்ற கடைகள் பலவற்றில் பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டது. கொழுப்பைச் சீவி, வேகவைத்து இறக்கினால் பச்சைக் கறியின் எடையில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது, அதனால் மிச்சத்தைத் தூக்கிப்போட எந்த முதலாளிக்கும் மனசு வராது. அது புரிகிறது. ஆனால் அந்த மிச்சத்தை உங்கள் தலையில் கட்டி, காலையில் வந்தவனிடம் வாங்கிய அதே காசை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

சுவரில் இருப்பது தாத்தாவின் படம், அடுப்பைப் பார்த்துக்கொள்வது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருக்கலாம். விறகுத் தீக்கு ராத்திரி முழுக்க ஓர் ஆள் கண்விழிக்க வேண்டும். ஆள் கிடைக்காமல், பேருக்கு இரண்டு கட்டையைச் செருகிவிட்டு கேஸில் ஓடும் அடுப்புக்கு மாறிய கடைகளும் உண்டு. என்னைக் கேட்டால், ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க ஆசைப்பட்டதுதான் பல பழைய கடைகளைக் கெடுத்தது. மதியம் இரண்டு மணிக்கே "தீர்ந்துவிட்டது" என்று எழுதி மாட்டுகிற கடையை நம்பிப் போகலாம், அது எந்த விருதையும்விடப் பெரிய சான்றிதழ்.

கேள்வி: ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் இருந்தது. வேகாத கறி என்று பிள்ளைகள் தொடவே இல்லை. – அதே வாசகி

பதில்: அது புகை வளையம். விறகுப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிறுத்திவைக்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம். அதே சமயம் வளையம் இருப்பதால் கறி நன்றாக இருக்கும் என்றும் இல்லை, உங்களுக்கு வந்ததே சாட்சி.

கேள்வி: நன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுக்கலாமா? அசிங்கமாக இருக்காதா? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: காசு கொடுத்தவருக்கு என்ன அசிங்கம்? ஆனால் முக்கால்வாசி தின்று முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். முதல் வாய் வைத்ததுமே தட்டோடு போய், "இது காய்ந்திருக்கிறது, வேறு துண்டு வெட்டித் தருகிறீர்களா" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல கடை என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரும். மூஞ்சியைக் காட்டினால், அப்புறம் தாராளமாக ஆன்லைனில் எழுதுங்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள், லீனா மாய்ஸ்டா என்பதோடு. "படுமோசம்" என்று ஒற்றை வார்த்தையில் திட்டினால் படிப்பவருக்கும் பிரயோசனமில்லை, கடைக்காரரும் திருந்த மாட்டார்.

கேள்வி: சாஸ் கேட்டால் முறைப்பார்களாமே? – வாசகர், ஆஸ்டின்

பதில்: 1999-ல் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவை "டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர்" என்று பட்டம் கொடுத்த லாக்ஹார்ட் என்ற ஊரில், சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது என்று வெகுகாலம் பிடிவாதம் பிடித்த கடை ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலான இடங்களில் மேசையிலேயே வைத்துவிடுகிறார்கள். முதல் துண்டை மட்டும் சாஸ் இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், கறி காய்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.